மதிப்பெண்ணும் வினைப்பயனும்

தேர்வு ஒன்றில் எடுத்த மதிப்பெண்ணை அளவாக வைத்து மாணவருக்குத் தரப்படும் படிப்புத் தொகையே தகுதி உதவித்தொகை. இந்திய அரசுப் பள்ளிகளில் இதன் பரவலான வடிவம், ஒன்றிய அரசு 2008-இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் திட்டம். பள்ளிகளில் எல்லாரும் இதை என்.எம்.எம்.எஸ். என்றே சொல்வார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு 1,00,000 புதிய மாணவருக்கு இடம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். 2017 வரை இது 6,000 ரூபாயாக இருந்தது. வறுமையால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடக் கூடாது என்பது திட்டத்தின் நோக்கம்.

தொகை பெரிதல்ல. ஆனால் அதைப் பெறுபவர் யார் என்று முடிவு செய்யும் முறைக்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளை எடுக்கும் மதிப்பெண் அதன் உழைப்புக்கு உரிய பயனா, பிறந்த வீடும் படித்த பள்ளியும் சேர்ந்து கொடுத்த பேறா? வினை, ஊழ், முயற்சி, அருள் என்ற சொற்களைக் கொண்டு இந்தியச் சமய மரபுகள் இதே கேள்வியை நூற்றாண்டுகளாக ஆராய்ந்திருக்கின்றன.

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம், பள்ளிக் கல்வி, சமய மரபு என்ற இந்த இரண்டு ஓட்டங்களும் சேரும் ஊர். பழைய ஜமீனின் தலைநகராக இருந்த இங்கேதான் மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிர்வகிக்கும் வேணுகோபால சுவாமி கோயிலும் இங்கே உண்டு. பதம் என்னும் இசைப்பாடல்களை இயற்றிய சாரங்கபாணி அந்தப் பெருமாளின் பெயரைத்தான் தம் பாடல்களின் முத்திரையாக வைத்துக்கொண்டார். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது, 1960-இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போனது, 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மூன்று முறை நகர்ந்தும், வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கின்றன. எல்லைக்கோடு ஒருவர் வாழ்க்கையில் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது இந்த வட்டாரம் அறியாததல்ல.

தேர்வும் விதிகளும்

ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவி இந்த உதவித்தொகையைப் பெறப் பல படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது, பள்ளி. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்பவருக்கே இத்திட்டம். தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா, உணவும் உறைவிடமும் தரும் அரசு உறைவிடப் பள்ளி ஆகியவற்றில் படிப்பவர் சேர முடியாது. இரண்டாவது, வருவாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாவது, ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 5 விழுக்காடு தளர்வு.

இவற்றுக்குப் பிறகே தேர்வு. அது இரண்டு தாள். மனத்திறன் தாளில் 90 கேள்விகள்: எண்தொடர், ஒப்புமை, விடுபட்ட உருவம், மறைந்த வடிவம் போன்றவை. படிப்பறிவுத் தாளில் 90 கேள்விகள்: அறிவியல், சமூக அறிவியல், கணிதம். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். இரண்டையும் சேர்த்து 40 விழுக்காடு, அதாவது 180-க்கு 72, எடுத்தால் தேர்ச்சி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 32 விழுக்காடு. அதன்பின் மாநிலத்துக்கு உரிய இடங்களுக்குள், மாநிலத்தின் இட ஒதுக்கீட்டு முறைப்படி, மதிப்பெண் வரிசையில் பெயர்ப் பட்டியல் வரும். ஆந்திரப் பிரதேசத்துக்கு 4,087 இடங்கள், தமிழ்நாட்டுக்கு 6,695. கிடைத்த தொகை தொடர்ந்து வரவும் நிபந்தனை உண்டு. ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளில் முதல் முறையிலேயே தேறியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு வேண்டும்.

ஆகவே மதிப்பெண் இங்கே இரண்டு வேலை செய்கிறது. 72 என்ற முதல் கோடு, தொகையைப் பயன்படுத்தத் தேவையான அடிப்படை அறிவு உண்டா என்று பார்க்கிறது. பட்டியலின் கடைசி இடத்தில் விழும் இரண்டாவது கோடு, இருக்கும் இடங்களுக்கு மேல் ஆட்கள் வரும்போது யாரை நிறுத்துவது என்று முடிவு செய்கிறது. முதல் கோடு மாணவரைப் பற்றியது. இரண்டாவது, கருவூலத்தில் உள்ள பணத்தைப் பற்றியது. இடம் இரட்டிப்பானால் இரண்டாவது கோடு இறங்கும். மாணவர் யாருடைய அறிவும் அதனால் மாறாது. இந்த வேறுபாட்டை மறப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

ஒரு மதிப்பெண்ணின் எடை

தரப்படுத்திய தேர்வு என்றால் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை. ஓ.எம்.ஆர். தாளில் கறுப்பு வட்டத்தை இயந்திரம் படிக்கிறது. அதற்கு ஊர் தெரியாது, சாதி தெரியாது, கையெழுத்தின் அழகும் தெரியாது. சிபாரிசு எங்கும் நுழையக்கூடிய சமூகத்தில் இது சிறிய நன்மையல்ல.

ஆனால் நடுநிலையான அளவு துல்லியமான அளவாகவும் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் உண்டு, தவறுக்கு மதிப்பெண் குறைவதில்லை. எதுவும் படிக்காமல் கண்ணை மூடிக் கறுப்படித்தாலும் 180-க்குச் சராசரியாக 45 கிடைக்கும். 36 கேள்விக்கு உறுதியாக விடை தெரிந்த ஒரு பிள்ளை மீதி 144-ஐக் குத்துமதிப்பாக அடித்தால் எதிர்பார்க்கக்கூடியது 72. நிகழ்தகவுக் கணக்கின்படி அதே பிள்ளை அதே அறிவோடு மூன்றில் இரண்டு முறை ஏறத்தாழ 67-க்கும் 77-க்கும் இடையில் நிற்கும்; மீதி ஒரு முறை அதற்கு வெளியே போகும். தேர்வு நாளன்று வந்த காய்ச்சல், தவறவிட்ட பேருந்து முதலியன இந்தக் கணக்கில் சேரவில்லை.

எனவே கோட்டுக்கு மேலே 73 எடுத்தவருக்கும் கீழே 71 எடுத்தவருக்கும் அறிவில் வேறுபாடு உண்டு என்று சொல்ல அந்த அளவுகோலால் முடியாது. ஆனால் பட்டியலின் கடைசிக் கோடும் அங்கேயே விழுந்தால், முடிவில் 48,000 ரூபாய் வேறுபாடு உண்டு. நான்கு ஆண்டுத் தொகை அவ்வளவு.

பரிசிலும் ஈகையும்

கொடுப்பதற்கு எதை அளவாக வைப்பது என்ற கேள்வி தமிழில் மிகப் பழையது. புறநானூற்றில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் இதை நேராகவே வைக்கிறார். நான்கு திசையிலிருந்தும் பரிசில் நாடி வருகிறவர்களுக்குக் கொடுப்பது எளிது, அவரவர் வரிசையை அறிவது கடினம், ஆகவே புலவர் எல்லாரையும் ஒன்றுபோல் நோக்காதே என்பது அவர் கூறும் அறிவுரை. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைப் பாராமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததும் அதே தொகுப்பில் இருக்கிறது. அளந்து அறிந்து கொடுத்தால் தினையளவும் போதும் என்பது அவர் நிலை. பரிசில் பெறுகிறவர் வேண்டுவது பொருளோடு கூடிய ஒரு தீர்ப்பு.

திருக்குறளின் ஈகை அதிகாரம் வேறு பக்கம் நிற்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை எல்லாம் திரும்பி வருவதை எண்ணிக் கொடுப்பவை என்பது அதன் தொடக்கக் கருத்து. இங்கே பெறுகிறவரின் திறமைக்கு இடமே இல்லை. இன்மை ஒன்றே அளவு. அதே நூல் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த மனநிலையை விட்டுவிடுகிறது. தெரிந்து தெளிதல் என்ற அதிகாரம் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கு வகையாலும் ஆளைச் சோதித்த பிறகே நம்பச் சொல்கிறது. கொடைக்குச் சோதனை இல்லை, பொறுப்புக்குச் சோதனை உண்டு.

தகுதி உதவித்தொகை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வருவாய் வரம்பு அதன் ஈகைப் பக்கம், மதிப்பெண் அதன் பரிசில் பக்கம். பெயரிலேயே வருவாயும் தகுதியும் சேர்ந்து இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. வருவாய் வாசலில் ஒரு முறை பார்க்கப்படுகிறது. உள்ளே வந்த பின் 20,000 ரூபாய் வருமானமும் 3,40,000 ரூபாய் வருமானமும் ஒன்றே. மதிப்பெண் கடைசி வரை, ஒவ்வொரு எண்ணாக, கணக்கில் வருகிறது. ஏழ்மையில் வரிசை பார்க்கப்படுவதில்லை, திறமையில் மட்டுமே பார்க்கப்படுகிறது. கபிலர் கேட்ட வரிசை அறிதல் பாதிதான் நடக்கிறது.

மழை, விதை, மண்

மதிப்பெண்ணை உழைப்பின் பயன் என்று சொல்கிறவர் அறிந்தோ அறியாமலோ வினைக் கோட்பாட்டின் நிழலில் நிற்கிறார். அந்தக் கோட்பாட்டின் கூர்மையான வடிவம் வேதாந்த நூலான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. உலகில் ஒருவன் இன்பத்திலும் ஒருவன் துன்பத்திலும் பிறக்கிறான் என்றால் படைத்தவன் பாரபட்சம் உள்ளவன், இரக்கமற்றவன் என்று ஆகாதா? ஆகாது, அவன் அவரவர் வினையைப் பார்த்தே கொடுக்கிறான் என்பது சூத்திரத்தின் விடை. அதற்கு உரை எழுதிய சங்கரர் இதை மழையை வைத்து விளக்குகிறார். மழை எல்லாப் பயிருக்கும் பொது. நெல் நெல்லாகவும் வாற்கோதுமை வாற்கோதுமையாகவும் முளைப்பதற்குக் காரணம் விதை.

தரப்படுத்திய தேர்வின் நியாயமும் இதுவே. வினாத்தாள் மழைபோல் பொது, வேறுபாடு விதையில். ஆனால் கார்வேட்டிநகரத்துப் பக்கம் நிலக்கடலையும் மாவும் பயிரிடுகிறவருக்கு இந்த உவமையில் விடுபட்டிருப்பது உடனே தெரியும். ஒரே விதை, ஒரே மழை, கரிசலில் ஒரு விளைச்சல், கல்லாங்காட்டில் வேறு விளைச்சல். மனத்திறன் தாளில் எண்தொடர்க் கணக்கை முன்பே நூறு முறை போட்டுப் பார்த்த பிள்ளைக்கும், தேர்வு அறையில்தான் முதல் முறை பார்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது மண்ணின் வேறுபாடு. வீட்டில் ஒரு மொழி, பாடத்தில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைக்குக் கேள்வியின் சொல்லைப் புரிந்துகொள்வதே ஒரு கேள்வி.

வினைக் கோட்பாடு இந்த எதிர்வாதத்துக்கும் விடை வைத்திருக்கிறது: மண்ணும் வினையால் வந்ததே. அப்படியானால் முதல் பிறவியில் வினை எங்கிருந்து வந்தது என்று அடுத்த சூத்திரத்திலேயே கேள்வி எழுகிறது. பிறவிச் சுழலான சம்சாரத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது அங்கே தரப்படும் விடை. ஒருவர் இதை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் இந்தக் கோட்பாடு பிறப்பின் வேறுபாட்டை உரிய பயன் என்று சொல்லத் துணிவது, தொடக்கமற்ற ஒரு கணக்கேடும் அதைப் படிக்கவல்ல கடவுளும் உண்டு என்று கொள்வதால்தான். உதவித்தொகை வழங்கும் அரசிடம் அப்படிப்பட்ட ஏடு இல்லை. அதற்குத் தெரிவது ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணும் வருமானச் சான்றிதழும். ஆகவே வினையை முழுமையாக நம்புகிறவர்கூட, ஒரு தேர்வின் முடிவைப் பார்த்து இவருக்கு இதுவே உரியது என்று சொல்ல முடியாது. பல்லக்கில் இருப்பவனையும் அதைச் சுமப்பவனையும் காட்டும் குறளுக்கு உரைகாரர்கள் எதிரெதிர்ப் பொருள் கண்டதும் இங்கே நினைக்கத்தக்கது. சுமப்பவனைக் கண்டு அறத்தின் பயன் இது என உணரலாம் என்பது ஒரு சாரார் கருத்து. அப்படிச் சொல்லவே கூடாது என்பது மற்றொரு சாரார் கருத்து.

கையில் வந்த சீட்டு

உழைப்புக்கு இடம் எவ்வளவு என்பதற்கு இந்த வட்டாரம் தந்த சிந்தனையாளர் ஒருவரின் விடை பெயர் பெற்றது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தவர். தந்தை உள்ளூர் ஜமீனில் சிறிய வருவாய் வேலை பார்த்தவர். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் அவர் பெரும்பாலும் உதவித்தொகையாலேயே படித்தார். தத்துவப் பாடம் அவர் கைக்கு வந்ததுகூட, அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்ததால்தான் என்பது வாழ்க்கை வரலாறுகள் சொல்லும் செய்தி. 1908-இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வு வேதாந்தத்தின் அறநெறி பற்றியது.

1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர் வினையைச் சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டார். கையில் வரும் சீட்டுகளை ஆடுகிறவர் தேர்வதில்லை, அவை பழைய வினையால் வந்தவை. ஆனால் எதை இறக்குவது, எப்படி ஆடுவது என்பது அவருடைய உரிமை. இப்படி ஊழும் முயற்சியும் ஒன்றை ஒன்று அழிக்காமல் நிற்கின்றன. திருக்குறளில் ஊழும் ஆள்வினையுடைமையும் தனித்தனி அதிகாரங்களாக, ஒன்றின் முடிவை மற்றது மறுப்பதுபோல் நிற்பதற்கும் இதுவே ஒரு விளக்கமாகலாம்.

இந்த உவமை தகுதித் தேர்வின் சிக்கலைத் தெளிவாக்குகிறது. பாராட்ட வேண்டியது ஆட்டத்தை. தேர்வு எண்ணுவது கடைசியில் கிடைத்த புள்ளிகளை. நல்ல சீட்டோடு சுமாராக ஆடியவரும், மோசமான சீட்டோடு மிக நன்றாக ஆடியவரும் ஒரே புள்ளியில் முடிக்கலாம். புள்ளியை மட்டும் பார்ப்பவருக்கு ஆட்டம் தெரியாது. வருவாய் வரம்பு, பள்ளி வகை, தளர்வு விழுக்காடு ஆகிய விதிகள் எல்லாம் கையில் வந்த சீட்டை ஓரளவு கணக்கில் எடுக்கும் முயற்சிகளே. சலுகை என்று பலர் அழைப்பது, இந்தப் பார்வையில், அளவைச் சற்றே திருத்தும் செயல்.

மேலை நாட்டிலும் இதே வாதம் நடந்தது. 1934 அளவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் தம் உதவித்தொகைக்கு ஆள் எடுக்க சாட் தேர்வைத் தேர்ந்துகொண்டார். பள்ளியின் தரத்தைத் தாண்டி இயல்பான அறிவை அது அளக்கும் என்று அவர் நம்பினார். பின்னாளில் அந்த மதிப்பெண்ணும் குடும்ப வருமானத்தோடு சேர்ந்தே ஏறுவது தெரிந்தது. 1971-இல் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ், பிறவித் திறமையோ பிறந்த குடும்பமோ யாரும் உரிமை கொண்டாடத்தக்கவை அல்ல, முயலும் குணம்கூட வளர்ப்பைப் பொறுத்தது என்று வாதிட்டார். ஒன்றுக்கு உரிமை பெற அதன் அடிவேர் வரை ஈட்டியிருக்க வேண்டும் என்ற தேவையில்லை என்று மற்றொரு தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-இல் மறுத்தார். இந்திய உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பு ஒதுக்கீட்டு வழக்கில், போட்டித் தேர்வு அப்போதைய திறனையே காட்டும், அதுவே தகுதியின் முழு அளவாகாது என்று கூறியது.

குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும்

மதிப்பெண் உரிய பயனும் இல்லை, வெறும் தற்செயலும் இல்லை என்றால் அது என்ன? இதற்கு வினைக் கோட்பாட்டைவிட வைணவத்தின் அருள் பற்றிய வாதம் அதிகம் உதவும்.

இறைவனின் அருளைப் பெற மனிதன் ஏதாவது செய்ய வேண்டுமா என்பதில் வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையும் தென்கலையும் வேறுபடுகின்றன. வடகலைக்குக் குரங்குக்குட்டி உவமை. தாய் தாவும்போது குட்டி தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலைக்குப் பூனைக்குட்டி. தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டி எதுவும் செய்வதில்லை. தென்கலையின் பிள்ளை லோகாசாரியர் வழியில் அருளுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காரணம் கேட்பதே அருளைக் குறைப்பது.

வடகலையின் வேதாந்த தேசிகரின் நிலை நுட்பமானது. மனிதனின் முயற்சி அருளுக்கு ஈடான விலை என்று அவரும் சொல்லவில்லை. சரணாகதி ஒரு வியாஜம், அதாவது கொடுப்பதற்கு ஒரு சாக்கு, என்பது அவர் கருத்து. வியாஜம் எதற்கு? ஏதும் இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காவிட்டால், பிரம்ம சூத்திரம் எழுப்பிய பாரபட்சம் என்ற குற்றம் இறைவனைச் சேரும். அந்தக் குற்றம் சேராமல் காப்பதே வியாஜத்தின் வேலை. அது பெறுகிறவரின் பெருமையை நிறுவ வந்ததல்ல.

உதவித்தொகையின் வெட்டுக்கோட்டுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் அரிது. 1,00,000 இடங்களை எந்த அளவும் இல்லாமல் பகிர்ந்தால் சிபாரிசும் ஐயமும் நுழையும். மதிப்பெண் அதைத் தடுக்கிறது. கொடுக்கும் அரசின் நேர்மைக்கு அது சான்று. வாங்கும் பிள்ளையின் மதிப்புக்கோ, வாங்காத பிள்ளையின் மதிப்பின்மைக்கோ அது சான்றாகாது. வியாஜத்தை விலை என்று எண்ணும்போதுதான் தவறு நேர்கிறது. விலை கொடுத்தவர் கடன்பட்டவர் ஆவதில்லை. விலை கொடுக்க முடியாதவருக்குப் பொருளும் இல்லை, மரியாதையும் இல்லை.

பூனைக்குட்டி வழிக்கும் பொதுவாழ்வில் இடம் உண்டு. பள்ளி மதிய உணவுக்குத் தேர்வு கிடையாது, பசியே போதும். 2020 ஜனவரியில் சித்தூரில் தொடங்கப்பட்ட ஆந்திர அரசின் அம்ம ஒடி திட்டம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று அறிவித்தது. அதற்கு மதிப்பெண் நிபந்தனை இருக்கவில்லை. வருகைப் பதிவே நிபந்தனையாக இருந்தது. எல்லாருக்கும் எட்டும் அளவு பொருள் இருக்கும் இடத்தில் வியாஜம் தேவைப்படுவதில்லை. இடம் குறுகக் குறுகத்தான் குரங்குக்குட்டியின் பிடி கேட்கப்படுகிறது.

குடவோலை

தகுதிக் கோட்டையும் தற்செயலையும் நேர்மையாகச் சேர்த்த முறை ஒன்று தொண்டைநாட்டிலேயே இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி ஆகியவை உள்ளவர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. எழுதப்பட்டது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான்.

அந்தச் சபை பிராமண ஊருக்கு உரியது. நிலமும் வேதமும் இல்லாதவருக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முறையின் உள்ளமைப்பு கவனிக்கத்தக்கது. கோட்டைத் தாண்டியவர்களுக்குள் யார் மேல் யார் கீழ் என்று அது பார்க்கவில்லை. குடத்திலிருந்து பெயர் வந்தவர் சிறந்தவர் ஆகவில்லை, வராதவர் தாழ்ந்தவர் ஆகவில்லை. 2020-இல் தத்துவ அறிஞர் மைக்கேல் சாண்டல் அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகங்களுக்குச் சொன்ன யோசனையும் ஏறக்குறைய இதுவே: படிக்கத் தகுதி உள்ளவர்களை முதலில் பிரித்து, அவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி எடுக்கலாம். வென்றவருக்குத் தற்பெருமை குறையும், தோற்றவருக்கு இழிவு குறையும் என்பது அவர் வாதம். உழைத்துப் படித்த பிள்ளையின் முயற்சியைக் குலுக்கல் அவமதிக்கிறது என்பது இதற்கு எதிரான வாதம்; அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஐந்து மதிப்பெண் இங்கும் அங்கும் ஊசலாடும் தேர்வில், கோட்டின் விளிம்பில் இருப்பவர்களுக்குக் குலுக்கல் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. குடம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கோடு ஆளுக்கு ஆள் மாறும்போது

ஒரே மதிப்பெண்ணுக்கு இடத்துக்கு இடம் வேறு பயன் கிடைப்பதும் உண்டு. மாநில ஒதுக்கீடு இருப்பதால் ஒரு மாநிலத்தில் தேறும் மதிப்பெண் அடுத்த மாநிலத்தில் தேறாமல் போகலாம். அமெரிக்கத் தேசிய தகுதி உதவித்தொகையிலும் அரையிறுதிக்கான மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டுத் திருத்தணிக்கும் ஆந்திரத்து நகரிக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு இங்கே திரும்ப வருகிறது.

இப்படி மாற்றுவது எப்போது நீதி, எப்போது அநீதி? இலங்கைத் தமிழருக்கு இந்தக் கேள்வி வரலாறாகவே நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல், தேர்வு எழுதிய மொழியை அடிப்படையாகக் கொண்டு மதிப்பெண்ணைச் சரிசெய்தது. தமிழ் மொழி மாணவர் அதிக மதிப்பெண் எடுத்தும் இடம் இழந்தனர். 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளின் மாணவர் சிலருக்கும் அது வழி திறந்தது. இன்றும் அங்கே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப வேறுபடுகிறது.

இரண்டு திருத்தங்களுக்கும் உள்ள வேறுபாடு காரணத்தில் இருக்கிறது. நூலகம், ஆய்வுக்கூடம், ஆசிரியர் இல்லாத மாவட்டத்துக்குக் கோட்டை இறக்குவது, கையில் வந்த சீட்டைக் கணக்கில் எடுப்பது. ஒரு மொழியினர் மிகுதியாகத் தேறுகிறார்கள் என்பதற்காகவே அவர்களுக்குக் கோட்டை ஏற்றுவது, ஆட்டத்தைத் தண்டிப்பது. முன்னது காரணத்தை எல்லாருக்கும் சொல்லக்கூடியது. பின்னதன் காரணத்தை, இழப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தகுதி என்னும் சொல்

திருக்குறளில் நடுவுநிலைமை என்ற அதிகாரத்தின் முதல் குறளில் தகுதி என்ற சொல் வருகிறது. அங்கே அதற்குப் பொருள் நடுவுநிலைமையே என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. இன்று விண்ணப்பிக்கிறவரிடம் கேட்கப்படும் தகுதி, அங்கே தீர்ப்புச் சொல்கிறவரிடம் கேட்கப்படுகிறது. பகைவர், அயலார், நண்பர் என்ற பிரிவுகளில் ஒருபுறம் சாயாமல் முறையில் நிற்பதே அது.

இந்தப் பழைய பொருளை வைத்துப் பார்த்தால் மதிப்பெண்ணின் இடம் தெளிவாகிறது. அது கொடுப்பவரின் தகுதிக்கு ஒரு கருவி. கருவி என்பதால் அது திருத்தத்துக்கு உரியது. கேள்வி பிள்ளைக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எண்தொடரும் மறைந்த வடிவமும் தேர்வுக்கு முன்பே எல்லாப் பள்ளிக்கும் அறிமுகமாகியிருக்க வேண்டும். கோட்டின் விளிம்பில் நிற்பவர்களுக்குள் வறுமை மிகுந்தவரை முன்வைக்க வழி வேண்டும். இவை சலுகைகள் அல்ல, துலாக்கோலைச் சரிபார்க்கும் வேலைகள்.

பெறுகிறவருக்கும் பெறாதவருக்கும் இதே பார்வையில் ஒவ்வொரு செய்தி உண்டு. பட்டியலில் பெயர் வந்த பிள்ளை தன் முயற்சிக்காக மகிழலாம். சீட்டும் மண்ணும் துணைநின்றதை மறக்காமல் மகிழ்வது முறை. பெயர் வராத பிள்ளையைப் பற்றி அந்தத் தாள் சொல்வது, அந்த ஆண்டு இடம் அந்த எண்ணிக்கையோடு முடிந்தது என்பது மட்டுமே. அதற்கு மேல் அந்தப் பிள்ளையின் அறிவையோ வினையையோ பற்றி எதையும் கூற 180 கேள்விகளுக்கு அதிகாரம் இல்லை.